புகை காட்டாத குதிரை

சமவெளியிலிருந்து வாங்கி வரும் எந்தக் குதிரையையும் புகை காட்டாமல் மலைக்கு ஓட்டிப் போக மாட்டார்கள். மலையில் முளைக்கும் உவேக்கூ என்ற நச்சுப் புல்லை எரித்து, அந்தப் புகையைக் குதிரையின் மூக்கில் ஏற்றி, கருகிய புல்தாளை உதட்டில் தேய்ப்பார்கள். அந்த நாற்றம் பட்ட குதிரை பிறகு அந்தப் புல்லில் வாய் வைக்காது. ஆடு மேய்க்கும் நிக்கானோரின் வீட்டில் அது அவன் மனைவி எர்மிந்தாவின் வேலை.

ஒருமுறை ஆடுகளுக்கு ஊசி போட வந்த மருத்துவப் பெண், அந்தப் புல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை ஒன்று குடியிருப்பதாகச் சொன்னாள். புல் அதற்குச் சோறு போடுகிறதாம். அது நஞ்சைச் சுரந்து புல்லைக் காக்கிறதாம்.

எர்மிந்தா சிரித்தாள். "உள்ளயே உக்காந்து தின்னுக்கிட்டு, வர்றவங்களைக் கடிக்கிறதா? நம்ம கிழவனும் அப்படித்தாம்மா."

"கடிக்கப் பல்லு வேணுமே" என்றான் நிக்கானோர்.

போன இலையுதிர் காலத்தில் பழுப்புப் பெண்குதிரை ஒன்றை அவளே பார்த்துப் பிடித்து வாங்கினாள். அது வீடு வந்த சில நாட்களில் அவள் நோயில் படுத்துவிட்டாள்.

"கிழவா, அதுக்குப் புகை போடணும். நீயே போட்டுடேன்."

"நீ எந்திரிச்சு வந்து போடு. நான் தலையைப் பிடிச்சுக்கறேன்."

"எந்திரிக்கலைன்னா?"

"பேச்சைப் பாரு!" மாத்தே தேநீர்க் குடுவையை அவள் கையில் திணித்துவிட்டு வெளியே போனான். தான் புகை போட்டால், அவள் இனி எழமாட்டாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என அவனுக்குத் தோன்றியது.

பனிக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

பனி உருகி, மலையேறும் நாள் வந்தது. கூட வந்த பக்கத்து வீட்டுச் செகுந்தோ கேட்டான்: "புதுசுக்குப் புகை போட்டாச்சாடா?"

"ஆச்சு."

அந்த வேலை இன்னும் அவளுக்காகக் காத்திருக்கிறது என்று அவனால் சொல்ல முடியவில்லை. கட்டியே வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தான்.

மேலே, வழி தவறிய ஆட்டைத் தேடிப் போன நேரத்தில் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டது. காய்ந்த சரிவில் பச்சையாய் இருந்தது உவேக்கூ மட்டும்தான். அவன் திரும்பி வந்தபோது அது வாய் நிறைய மென்றுகொண்டிருந்தது. மறுநாள் அதன் தலை ஆடியது, கால்கள் விறைத்தன.

"விரட்டாதே. சத்தம் போடாதே. சும்மா நின்னா பிழைச்சாலும் பிழைக்கும்" என்றான் செகுந்தோ.

இருவரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். ஆனால் நாய்க்கு அது தெரியாதே. ஒரு முயலைத் துரத்திக்கொண்டு அது குரைத்து ஓட, மிரண்ட குதிரை சரிவில் உருண்டது. கீழே அவர்கள் போய்ச் சேரும்போது மூச்சில்லை.

"ஆச்சுன்னு சொன்னியேடா."

"சொன்னேன்."

நிக்கானோர் ஒரு பிடி உவேக்கூவைப் பிடுங்கி, காய்ந்த முள்ளோடு சேர்த்து எரித்தான்.

"இனிமே எதுக்குடா?"

அவன் கருகிய புல்தாளை எடுத்து, இன்னும் சூடு ஆறாத அந்த உதட்டில் மெல்லத் தேய்த்தான். புகை கண்ணைக் கரித்தது. ஒரு கையால் தலையைப் பிடித்து மறு கையால் தேய்க்க அவனுக்குச் சரியாக வரவில்லை.

செகுந்தோ மண்டியிட்டு, குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டான்.