ஒன்பதாவது கை

இரண்டு விரலால் முகவாயைத் தூக்கி, தலையைச் சற்றே இடப்பக்கம் சாய்த்துப் பார்க்கிறாள் ஷெல்பி. வலது கிருதா கொஞ்சம் இறங்கியிருக்கிறது. "ஆடாதீங்க. ஆடினா காது என் கையோட வந்துடும்." நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூட பஸ் டிரைவர் மூச்சை அடக்கிக்கொள்கிறார். அடுப்பில் பீன்ஸ் கொதிக்கிறது. அவள் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் இரண்டு வயது ஆமோஸ். ஐந்து வயது ரூத்தி கீழே விழும் நரைமுடியைப் பொறுக்கித் தன் பொம்மைக்கு மீசை ஒட்டுகிறாள்.

இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு அவள்தான் முடி வெட்டுகிறாள். யாரைப் பார்த்தாலும் முதலில் தலை, பிறகுதான் முகம். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை; பாதிரியாரின் உச்சிச் சுழி நிற்கிறது. கணவன் டெரில் ஒஹையோ ஆற்றில் சரக்குப் படகில் வேலை. ஒரு மாதம் தண்ணீரில், ஒரு மாதம் வீட்டில். வீட்டில் இருக்கும் மாதம் அவனுக்கு மொட்டை.

கிராண்ட் ஜூரிக்கு வரச்சொல்லிக் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தபோது, தான் எதையோ செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். படகுக்குப் போன் போட்டாள்.

"டெரில், நான் என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலடி. மத்தவங்க பண்ணதைக் கேக்கக் கூப்பிடறாங்க."

"அதுக்கு எதுக்கு நான் அங்க போகணும்? யாரு யாரை அடிச்சான்னு கேக்க வீட்டுலயே ரெண்டு பேரு இருக்காங்களே."

சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் நீதிபதியிடம் சொல்லி விலகிக்கொள்ளலாம். அவளுக்கு முன்னால் நின்றவள் அப்படித்தான் சொல்லி வீட்டுக்குப் போனாள். நீதிபதி ஷெல்பியிடம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். "நாத்தனார் இருக்கா, ஐயா" என்றாள். நடீன் இருந்தாள்தான். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்து பகலில் சோபாவில் தூங்குகிறவள் அவள். அதை நீதிபதி கேட்கவில்லை. ஷெல்பிக்கும் சொல்லத் தோன்றவில்லை.

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன். அது தப்பா?"

"நல்லவேளை, அவரு உன் எடையைக் கேக்கலை" என்றாள் நடீன். "அதையும் சொல்லிட்டு வந்திருப்பே."

அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் கோர்ட்டு. கதவைச் சாத்திவிட்டு, அவளைப்போல் கூப்பிடப்பட்ட ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரும் கேட்கிறார்கள். அரசு வக்கீல் பேசுவார், போலீஸ்காரர் பேசுவார். குற்றம் சாட்டப்பட்டவர் அங்கே இருக்க மாட்டார். அவருக்கு வக்கீலும் இல்லை. தண்டனை கொடுப்பது இவர்கள் வேலையில்லை. வழக்கு விசாரணைக்குப் போகலாமா, வேண்டாமா என்பது மட்டும்தான். ஒன்பது கை உயர்ந்தால் போகலாம். அந்த உத்தரவுக்கு 'ட்ரூ பில்', உண்மைப் பத்திரம், என்று பெயர்.

ஜூரித் தலைவர் ஹோபர்ட், மாட்டுத் தீவனக் கடைக்காரர். முதல் நாளே ஷெல்பி அவரிடம் கேட்டாள்.

"ட்ரூன்னா, எது உண்மை?"

"நடந்திருக்கும்னு உனக்குத் தோணுதா? அவ்வளவுதான் கண்ணு."

"தோணறதும் உண்மையும் ஒண்ணா?"

"இந்த ரூமுல ஒண்ணுதான்."

அவள் தலையாட்டினாள். ஹோபர்ட்டின் பின்னந்தலையை யாரோ கோணலாக வெட்டியிருந்தார்கள். அதன் பிறகு எல்லோரும் கை தூக்கியபோது அவளும் தூக்கினாள். வண்டித் திருட்டு, போதை மாத்திரை விற்றது, மச்சானைச் சுட்டது. எல்லாமே நடந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

உள்ளே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம். இது வீட்டில் சிக்கலானது. எந்தப் பெரியவராவது ரகசியம் என்று ஏதாவது சொன்னால் உடனே அம்மாவிடம் வந்து சொல்லவேண்டும், நம் வீட்டில் ரகசியம் கிடையாது, பிறந்தநாள் பரிசு மாதிரி சர்ப்ரைஸ் மட்டும்தான் உண்டு என்று ரூத்திக்குப் பாடம் நடத்தியிருந்தவள் அவள்தான்.

"இன்னிக்கு அங்க என்னம்மா பண்ணே?"

"சொல்லக்கூடாது, செல்லம்."

"ரகசியமா?"

ஷெல்பி யோசித்தாள். "இல்ல. சர்ப்ரைஸ்."

"யாருக்கு?"

போலீஸ் வந்து கதவைத் தட்டும்போது யாருக்கோ அது சர்ப்ரைஸ்தான். "அதையும் சொல்லக்கூடாது" என்றாள். ரூத்தி நேராகப் போய் நடீனை எழுப்பினாள். "அத்தை, அம்மா பொய் சொல்றா."

சென்ற வியாழக்கிழமை வந்த வழக்கு சின்னது, பிள்ளையைத் தனியே விட்டுப்போனது. இந்த மாவட்டத்துக்குப் புதிதாகக் குடிவந்த பெண். மூன்று வயதுப் பையனைக் காரில் தூங்கவிட்டு, காரைப் பூட்டி, காசு போட்டுத் தானே துவைத்துக்கொள்ளும் சலவைக்கடைக்குள் போயிருக்கிறாள். அரைமணி நேரம் இருக்கலாம். கடை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன் என்கிறாள். ஜன்னலில் ஆவி படிந்திருந்தது, எதுவும் தெரியாது என்றார் போலீஸ்காரர். குளிர்ந்த நாள். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரணைக்குப் போனால் பையனை அரசு அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளும், அவன் வேறு வீட்டில் வளரவேண்டியிருக்கும் என்று வக்கீல் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி உண்டா என்று வக்கீல் கேட்டார். யாரும் கேட்பதில்லை. ஷெல்பி கேட்டாள்.

"பையன் செருப்பு போட்டிருந்தானா?"

போலீஸ்காரர் அவளைப் பார்த்தார். "இல்லீங்க. கழட்டி சீட்டுல ஜோடியா வெச்சிருந்தது. போர்வை போத்தியிருந்தது."

ஷெல்பிக்கு மூச்சு வந்தது. கால் நோகாமல் தூங்கட்டும் என்று கழற்றியிருக்கிறாள். அதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று நினைத்தாள்.

வக்கீலும் போலீஸ்காரரும் வெளியே போனார்கள். ஜூரியில் அதுவரை தயங்கிக்கொண்டிருந்த ஒருவர், மருந்துக்கடைக்காரர், பேனாவை மூடினார்.

"நல்ல கேள்வி கேட்டீங்கம்மா. செருப்பைக் கழட்டி, போர்வையும் போத்திட்டுப் போயிருக்கான்னா, போகும்போதே தெரிஞ்சிருக்கு, நேரமாகும்னு."

"இல்லீங்க, நான் அதுக்குக் கேக்கலை."

"எதுக்குக் கேட்டா என்ன? பதில் அதுதானே."

 பிள்ளை காலில் குத்தக்கூடாது என்று கழற்றுவது உண்டு. வர நேரமாகும் என்று தெரிந்து கழற்றுவதும் உண்டு. அன்று காலை தூங்கிவிட்ட ஆமோஸின் செருப்பைக் கழற்றி, வாயைத் திறந்துகொண்டு தூங்கும் நடீனின் சோபாவுக்கடியில் வைத்துவிட்டுத்தான் வந்தாள். அது இந்த இரண்டில் எது என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"சரி, கையைத் தூக்குங்க" என்றார் ஹோபர்ட்.

மருந்துக்கடைக்காரர் முதலில் தூக்கினார். மற்ற கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஹோபர்ட் தன் கையையும் தூக்கிக்கொண்டு, மறுகை விரலால் எண்ணிக்கொண்டு வந்தார். எட்டு. இன்னும் ஒன்று வேண்டும். கடைசியாக ஷெல்பியிடம் வந்ததும் விரல் நின்றது. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க அவள் கை பாதி தூரம் போயிருந்தது.

"ஷெல்பி, அது ஓட்டா, முடியா?"

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"தெரியலீங்க" என்றாள்.

கையைக் கீழே இறக்கினாள். முடி கண்ணில் விழுந்தபடியே இருக்க, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் செருகி அவற்றின்மேல் நன்றாக அழுந்தி உட்கார்ந்துகொண்டாள்.