சிவப்பு மையில் அடித்த எண்

மருத்துவக் கல்லூரியின் உடலியல் துறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "எழுபது கிலோ!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், சாவிக் கொத்தோடு வந்து நிற்பார். பாடப் புத்தகங்களில் வரும் சராசரி மனிதனின் எடை எழுபது கிலோ. இருபது வருடங்களுக்கு முன், அட்டெண்டராகப் புதிதாகச் சேர்ந்த இவரைப் பேராசிரியர் விளையாட்டாக எடை மேடையில் ஏற்றினார். முள் எழுபதில் போய் நின்றது. "புத்தகத்துலேர்ந்து இறங்கி வந்துட்டான்யா!" என்று சிரித்தார். அன்றிலிருந்து இவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. சும்மா படுத்திருக்கிற வேலை.

சும்மா படுக்க ஒரு ஆளா என்று மைத்துனர் கேலி செய்வார். வந்து படுத்துப் பார்த்தால் தெரியும். பன்னிரண்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வயிற்றுக்குள் போகக் கூடாது. புழுக்கமும் குளிரும் இல்லாத அறையில், தூங்காமல், விரலைக்கூட அசைக்காமல், கவலைப்படாமல் கிடக்க வேண்டும். மூக்கை ஒரு கிளிப் கவ்வியிருக்கும், வாயில் ரப்பர் குழாய். அவர் இழுக்கிற ஆக்சிஜனை இயந்திரம் அளக்கும். நிமிடத்துக்கு இருநூற்று நாற்பது மில்லி. அதைப் பெருக்கிப் பார்த்தால் நாளொன்றுக்கு ஆயிரத்து அறுநூற்றைம்பது கிலோகலோரி வரும்.

"ஒண்ணுமே செய்யாம கிடக்குற மனுஷனுக்கே இவ்வளவு செலவு, பாத்துக்கங்க," என்பார் பேராசிரியர். "இதயம், ஈரல், மூளை, சிறுநீரகம், இதெல்லாம் லீவே எடுக்காது."

அதைக் கேட்கும்போது அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம். இத்தனை டாக்டர்கள் உடம்பைப் படித்தது அவருடைய உடம்பில்தானே.

போன வருடம் அந்த எண் பிசகியது. முதல் வகுப்பில் இருநூற்று எழுபது. அடுத்ததில் முந்நூறு. பேராசிரியர் குழாயில் ஓட்டை தேடினார், இயந்திரத்தைப் பிரித்து மாட்டினார். மூன்றாவது வகுப்பில் முந்நூற்று முப்பத்தைந்து. அப்போதுதான் இயந்திரத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார்.

"டீ குடிச்சியா?"

"இல்ல சார்."

"பஸ்ஸைப் பிடிக்க ஓடுனியா?"

"சத்தியமா இல்ல சார். முதல் பஸ்ஸுக்கே வந்து உக்காந்துட்டேன்."

"பத்தொன்பது வருஷமா வராத நம்பர் இப்ப எப்படி வரும்? வயசோட சேர்ந்து பொய்யும் வந்துடுச்சு உனக்கு."

நாற்பது பிள்ளைகள் முன்னால் இந்தப் பேச்சு. பேராசிரியர் ஒவ்வொரு நோட்டிலும் அந்த எண்ணைச் சிவப்பு மையால் அடித்தார். மாணவர்கள் அதன் கீழே இருநூற்று நாற்பது என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வீட்டில் அவர் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார். பெல்ட்டில் புதுசாக மூன்று துளை விழுந்தது. மற்றவர்கள் போர்வையைத் தேடும்போது இவர் மின்விசிறிக்கு அடியில் வேர்த்துக்கொண்டிருந்தார். டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கியது.

"தின்னது உடம்புல ஒட்டவே மாட்டேங்குதுங்க. ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்களேன்," என்றாள் மனைவி.

"நாள் முழுக்க டாக்டருங்க நடுவுலதாண்டி இருக்கேன். எனக்கு ஒண்ணுன்னா அவங்க கண்ணுக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. விளக்குக்கு அடியில்தானே இருட்டு.

அவருக்கு உடம்பைப் பற்றிய கவலையே இல்லை. பொய்யன் என்ற பேரைத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வகுப்புக்கு முந்தின நாள் மதியத்திலிருந்தே பட்டினி கிடந்தார். தண்ணீரைக்கூடத் தொடவில்லை. ஏற்கெனவே உருகிக்கொண்டிருந்த உடம்பு. காலையில் கட்டிலில் பிணம்போலக் கிடந்தார். இயந்திரம் முந்நூற்று ஐம்பது காட்டியது. பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார். பின்னால் கரும்பலகையில் அவரே எழுதிய பாடம் இருந்தது: தைராய்டு சுரப்பு கூடினால் ஓய்விலும் உடம்பு அதிகம் எரிக்கும்.

கட்டிலை விட்டு எழுந்தவர் அப்படியே சரிந்தார்.

வார்டில் நர்ஸ் எடை பார்த்தாள். ஐம்பத்தேழு. ஒரு வருடமாக அவரை எடை மேடையில் ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை. எழுபது கிலோவுக்கு எடை பார்ப்பானேன் என்று எல்லா நோட்டிலும் எழுபதையே போட்டிருந்தார்கள். வியாதி தைராய்டு. அது கவனிக்காமல் விட்டதில் இதயத்தையும் கெடுத்துவிட்டது, இனி ஆயுசுக்கும் மாத்திரைதான் என்றார் வார்டு டாக்டர்.

மூன்றாம் நாள் பேராசிரியர் மாணவர்களோடு வந்தார். கட்டிலைச் சுற்றி அதே நாற்பது பேர்.

"நல்லா பாத்துக்கங்க, கைநடுக்கம், வேர்வை, முழிக்கிற கண்ணு. இப்படி ஒரு கேஸ் அபூர்வமாத்தான் கிடைக்கும். இவரை இயந்திரத்துல படுக்க வெச்சிருந்தா எவ்வளவு காட்டியிருக்கும்? சொல்லுங்க பாப்போம்."

ஒரு மாணவி நோட்டைப் புரட்டினாள். "முந்நூத்தி முப்பத்தஞ்சு சார்." பிறகு குரல் இறங்கியது. "நீங்க அடிச்சிருக்கீங்க சார்."

பேராசிரியர் முகம் கறுத்தது. கட்டிலில் கிடந்தவர் பக்கம் திரும்பினார்.

"உடம்பு சரியில்லன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

அவர் தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் தூக்கினார்.

"நான் டீ குடிக்கல சார்," என்றார்.

பேராசிரியர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.