மூன்று மீட்டருக்கு மேலே

மரம் ஏறுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் எல்லோரும் அவரை அணில் என்றே கூப்பிட்டார்கள். நாற்பத்தாறு வயது. ஒடிசலான உடம்பு, முழங்கை வரைக்கும் பழைய கீறல்கள். ஆபத்தான மரங்களைக் கிளை கிளையாக வெட்டி, கயிற்றில் கட்டி இறக்குவது அவர் தொழில். தொலைபேசியில் யாராவது பெயரைக் கேட்டால், ஒரு நொடி யோசித்துத்தான் சொந்தப் பெயரைச் சொல்வார்.

அவருடைய வேனின் பக்கவாட்டில் இரண்டு வரி எழுதியிருக்கும். "மரம் வெட்டித் தரப்படும்" என்பது முதல் வரி. "காப்பீடு உண்டு" என்பது இரண்டாவது வரி. இரண்டாவதைத்தான் பெரிதாக எழுதச் சொல்லியிருந்தார். அதற்குக் காரணம் இருந்தது. இருபத்து மூன்று வயதில் அவர் வேலை பார்த்த மேஸ்திரியிடம் காப்பீடு கிடையாது. ஒருநாள் ஒரு கிளை சரிந்து, ஆள் உட்கார்ந்திருந்த கார்மேல் விழுந்தது. அந்த ஆள் பிழைத்துக்கொண்டார், மேஸ்திரி பிழைக்கவில்லை. அதாவது உயிரோடுதான் இருந்தார், ஆனால் வீடு போனது, தொழில் போனது. மேஸ்திரியின் மனைவி அடுப்பையும் மெத்தையையும் தள்ளுவண்டியில் ஏற்றியதை அணில் பக்கத்தில் நின்று பார்த்தார். காப்பீடு இல்லாமல் தரையை விட்டுக் காலை எடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

அந்த முடிவு லேசில் கட்டுப்படியாகவில்லை. உயரத்தில் வேலை, கையில் மோட்டார் ரம்பம், கீழே அடுத்தவர் கூரை. இந்த மூன்றையும் கேட்டதுமே காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் விலையைக் கூட்டிவிடுவார்கள். வருஷப் பிரீமியம் ஒரு புது ரம்பத்தின் விலையைத் தாண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவந்தார். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரே தாவலில் அது இரண்டு மடங்கானது. அவருக்குத் தெரிந்த இரண்டு மரம் வெட்டிகளில் ஒருவர் தொழிலையே விட்டுவிட்டார். இன்னொருவர் காப்பீட்டை விட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் விடிகாலையில் போய் வெட்டிவிட்டு வர ஆரம்பித்தார்.

அணிலைக் காப்பாற்றியது அவருடைய அக்கா. பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். தம்பியின் கடிதங்கள், வரி, விண்ணப்பம் எல்லாம் அக்கா கைதான். அந்த வருஷமும் தாள்களைக் காப்பீட்டு ஏஜெண்டிடம் எடுத்துப்போனார். ஒரு வாரம் கழித்து வந்து, "பேசிக் குறைச்சுட்டேன்டா. பழைய பிரீமியத்துலயும் பாதிதான்" என்றார். அணிலுக்குத் தலைகால் புரியவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். அதற்கப்புறம் டீக்கடையில் உட்கார்ந்தால் அக்கா கம்பெனிக்காரனை மடக்கிய கதைதான். "எங்கக்கா வாயைத் திறந்தா போதும், கம்பெனிக்காரன் நமக்கே பணம் குடுத்துட்டுப் போவான்" என்பார்.

போன வருஷம் காற்றடிக்கிற மாதத்தில், ஒரு சலவைக் கடைக்குப் பின்னால் நின்ற யூகலிப்டஸ் மரத்தை வெட்டும் வேலை வந்தது. சலவைக் கடைக்காரம்மா விவரமானவர். முதல் கேள்வியே, "காப்பீடு இருக்கா?" என்பதுதான். அணில் சான்றிதழை எடுத்துக் காட்டினார். அந்தம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பெயரையும் தேதியையும் சரிபார்த்த பிறகுதான் சரி என்றார்.

மூன்றாம் நாள், நாற்பதடி உயரத்தில், வெளியே பச்சையாக இருந்த ஒரு கிளை உள்ளே மக்கிப்போயிருந்தது. கயிறு தாங்கத்தான் செய்தது. கயிறு கட்டியிருந்த இடத்திலேயே கிளை முறிந்தது. தகரக் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய் நீராவிக் குழாயை உடைத்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அடுக்கி வைத்திருந்த வாடிக்கையாளர் துணிகள் அத்தனையும் துருத்தண்ணீரில் நனைந்தன. அணில் இறங்கி வந்து இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். "பயப்படாதீங்கம்மா. இதுக்காகத்தானே இத்தனை வருஷமா கட்டிட்டு வர்றேன்" என்றார்.

பத்து நாளில் கம்பெனியிலிருந்து ஒரு பெரியவர் விசாரிக்க வந்தார். அணிலின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். அணில், அவர் மனைவி, தாள்களைப் பார்த்துக்கொள்ள அக்கா. பெரியவர் படங்களைப் புரட்டிவிட்டு, "எவ்வளவு உயரத்துல இருந்தீங்க?" என்று கேட்டார்.

"நாற்பதடி இருக்கும் சார்."

"உங்க பாலிசி தோட்டப் பராமரிப்புக்கு. புல் வெட்டுறது, செடி கத்தரிக்கிறது. தரையிலிருந்து மூணு மீட்டருக்கு மேல எதுவும் சேராது."

அணில் சிரித்தேவிட்டார். "சார், என் வண்டியைப் பாருங்க. நான் புல் வெட்டுறவனா? மரம் வெட்டுறவன்னுதான் எழுதிக் குடுத்தோம். ஏஜெண்ட்தான் மாத்தியிருப்பான். அக்கா, நீயே சொல்லு."

அக்கா தாள்களை அடுக்கிக்கொண்டே, "பழைய தாளெல்லாம் தேடிப் பார்க்கணும்" என்றார். மனைவி தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

அணில் விடவில்லை. ஏஜெண்ட்மேல் புகார் எழுதினார். டீக்கடையிலும் பேர் சொல்லித் திட்டினார். மூன்று வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே அவருடைய விண்ணப்பத்தின் நகல். தொழில் என்ற கட்டத்தில் 'தோட்டப் பராமரிப்பு'. அந்த 'ரி'யும் 'பு'வும் வாலை நீட்டிச் சுழித்து எழுதியிருந்த விதம், சின்ன வயதிலிருந்து அவருடைய பாடப் புத்தக அட்டைகளில் பார்த்த எழுத்து. கீழே அவருடைய கையெழுத்து.

தாளை மனைவியிடம் நீட்டினார். "இது யார் எழுத்துன்னு பாரு."

மனைவி தாளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தார். "அண்ணி உங்க நல்லதுக்குத்தாங்க செஞ்சாங்க" என்றார்.

அந்த மேஜையைச் சுற்றி இருந்த வீட்டு ஆட்கள் மூன்று பேரில் விஷயம் தெரியாதவர் தான் ஒருவர்தான் என்பது அணிலுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் வருஷத்துலேர்ந்தே. உங்ககிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டீங்கன்னு அண்ணி சொன்னாங்க."

அணில் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். தம்பி கையில் தாளைப் பார்த்ததும் விரிப்பைக் கீழே வைத்தார்.

"அந்த வருஷம் உன்னால கட்டியிருக்க முடியாதுடா. வண்டியை வித்துட்டு வீட்டுல உட்கார்ந்திருப்பே."

"உட்கார்ந்திருப்பேன். தெரிஞ்சு உட்கார்ந்திருப்பேன்."

"உன் குடும்பத்தை நினைச்சுத்தான் செஞ்சேன். நான் ஒரு பைசா எடுத்துக்கலை."

"எடுத்திருந்தாக்கூடப் பரவாயில்லைக்கா. நாலு வருஷம் நான் ஒண்ணுமே இல்லாம மேல ஏறியிருக்கேன். கீழ குழந்தைங்க போற தெருவுல." தாளை நாலாக மடித்தார். "அதைக்கூட விடு. அந்தப் பெரியவர் கேட்டாரே, அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே. உன்னைத்தானே சாட்சிக்குக் கூப்பிட்டேன்."

"நீ ஏஜெண்டைத் திட்ட ஆரம்பிச்சிட்டே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலைடா." அக்கா அழுதார். அணில் அழுகையைச் சமாதானப்படுத்தாமல் திரும்பி வந்தார். அவர் வாழ்க்கையில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஏஜெண்டின் அலுவலகத்துக்குப் போனார். செருப்புக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தை மேஜைமேல் வைத்தார். 'விண்ணப்பத்தை நிரப்பியது என் வீட்டார். படிக்காமல் கையெழுத்திட்டது நான்' என்று எழுதியிருந்தார். ஏஜெண்ட் படித்துவிட்டு, "உங்கக்கான்னு எழுதலையே" என்றார்.

"வீட்டார்னு இருந்தாப் போதும்."

"என் லைசென்ஸை மூணு வாரம் நிறுத்தி வச்சாங்க, தெரியுமா? இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட என்னைத் திருடன்னு சொன்னதில்லை." அணில் கைகூப்பினார். ஏஜெண்ட் பதிலுக்குக் கும்பிடவில்லை. கடிதத்தை மட்டும் எடுத்து இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

சலவைக் கடைக்காரம்மாவிடம் பேசியதுதான் அதைவிடக் கொடுமை. "அந்தச் சீட்டு இந்த வேலைக்குச் செல்லாதுன்னு எனக்கே தெரியாதும்மா" என்றார் அணில்.

"அது எப்படிங்க தெரியாம இருக்கும்? உங்க பேருதானே அதுல இருக்கு. ஒரு பக்கச் சீட்டையே நான் கண்ணாடி போட்டுப் படிச்சேன். நீங்க முழுப் பாலிசியைப் படிக்கலையா?"

அணில் வேனையும் கிளை அரைக்கும் இயந்திரத்தையும் விற்றுக் கூரையையும் குழாயையும் சரிசெய்து கொடுத்தார். துணிகளுக்கு மாதாமாதம் கொடுப்பதாக ஏற்பாடு. அந்தம்மா கோர்ட்டுக்குப் போகவில்லை. ஆனால் அணில் சொன்னதைக் கடைசி வரைக்கும் நம்பவும் இல்லை.

இப்போது அணில் ஒரு பெரிய மரம் வெட்டும் நிறுவனத்தில் சம்பளத்துக்கு ஏறுகிறார். காப்பீட்டை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். சேர்ந்த அன்றைக்கு அந்தப் பாலிசியைக் காட்டச் சொல்லி, அலுவலகப் பெண்ணின் பக்கத்தில் நின்று எல்லாப் பக்கத்தையும் வரி வரியாகப் படித்தாராம். உயரம் எவ்வளவு என்று இரண்டு தடவை கேட்டாராம். அந்தப் பெண்ணுக்குச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது.

மனைவியோடு பேச்சு வார்த்தை நிற்கவில்லை. என்ன வாங்க வேண்டும், எப்போது வருவீர்கள், கதவைப் பூட்டியாச்சா என்பதெல்லாம் நடக்கிறது. முன்பு வேலை முடிந்து வந்ததும் அன்று ஏறிய மரத்தைப் பற்றி ஒன்று விடாமல் சொல்வார். இப்போது சொல்வதில்லை. மனைவியும் ஒன்றிரண்டு மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு. அணில் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க. உட்காருங்க. எப்படி இருக்கீங்க?" என்றார்.

பிறந்ததிலிருந்து 'நீ' என்றே கூப்பிட்ட தம்பி. அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து, "நல்லா இருக்கேன்" என்றார். அணில் மின்விசிறியைப் போட்டுவிட்டு, உள்ளே பார்த்து, அக்காவுக்கு டீ போடச் சொன்னார்.