பதகளிப்புக்காரி

"…நெஞ்செண்டா அடிக்கத்தானே வேணும், அன்ரி? அடிக்காட்டித்தானே டொக்டரைத் தேடவேணும்!" என்று சொல்லிக்கொண்டே என் கன்ரீனுக்குள் வந்தாள், எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியின் கரப்பந்தாட்ட அணித் தலைவி. முள்ளியவளைப் பிள்ளை. சனிக்கிழமை புளியங்குளத்தில் இறுதிப் போட்டி. அவள் எழும்பி அடிக்கும் பந்தை நம்பித்தான் கல்லூரியே இருந்தது.

அன்றைக்குப் பிள்ளைகளின் இதயத்தைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்கள். மண்டபத்தில் பரீட்சை என்பதால் கன்ரீன் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, என் சீலை ஒன்றைத் திரையாகக் கட்டிக் கொடுத்திருந்தேன். வடை வாசத்துக்குள் ஈசிஜி எடுத்த இடம் வேறெங்கும் இருக்காது. எனக்கோ பிள்ளைகளின் கதை கேட்பதென்றால் அடுப்பில் இருப்பதே மறந்துபோகும்.

"டொக்டர், இவன்ரை நெஞ்சுக்குள்ளை ஆர் இருக்கினமெண்டு உந்த மெஷினிலை தெரியுமோ?" என்று ஒருவன் கூட்டாளியைக் காட்டிக் கேட்டான்.

"ஒரு ஆளுன்னா தெரியும். இவருக்குப் பெரிய கூட்டமா இருக்கும் போல" என்றார் டொக்டர். கண்டியில் வளர்ந்த இளம் பெண். எங்கள் பேச்சு அவருக்குப் புதிது.

முதலில் கேள்விகள். பதிலில் சந்தேகம் வந்தால்தான் திரைக்குப் பின்னால் ஈசிஜி. தலைவியின் முறை வந்தது.

"அடிக்கடி படபடப்பா இருக்குமா?"

"எனக்கோ? மட்ச்சுக்கே பயமில்லை, டொக்டர்!"

"மயக்கம்? நெஞ்சு வலி?"

"ஒண்டுமில்லை."

பயிற்சிக்கு நேரமாகிவிட்டதென்று பாதி எழும்பியும் விட்டாள். பின்னால் நின்ற சிநேகிதிக்கு, அணியின் மாற்று ஆட்டக்காரிக்கு, வாய் சும்மா இருக்குமா?

"நோயொண்டுமில்லைத்தான், டொக்டர். ஆனா ஆள் பெரிய பதகளிப்புக்காரி!"

எல்லோரும் சிரித்தோம். டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "பதகளிப்புன்னா என்னங்க?"

அவ்வளவுதான், ஆளுக்கொரு விளக்கம். "அந்தரப்படுறது" என்றான் ஒருவன். "அவசரக்குடுக்கை" என்றாள் இன்னொருத்தி. "பஸ்ஸுக்கு வெளிக்கிடேக்கை என்ரை மனுசன் படுற பாடு" என்றேன் நான். டொக்டர் எங்களைக் கையமர்த்திவிட்டு அவளிடமே கேட்டார். "நீங்க சொல்லுங்க. அப்ப உடம்புக்கு என்ன செய்யும்?"

"பெரிசா ஒண்டுமில்லை. சும்மா இருக்கேக்கையும் உழவு மெஷின் ஸ்டார்ட் பண்ணினமாதிரி நெஞ்சு டகடகவெண்டு அடிக்கும். கண் இருட்டும். பிறகு டக்கெண்டு நிண்டிடும். அது என்ரை குணமெண்டு அம்மா சொல்லுறவா."

"இது குணம் இல்லம்மா. வாங்க" என்று டொக்டர் அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

இதயத்தில் மின்சாரம் ஓடுவதற்கு எல்லோருக்கும் ஒரு வழி. இவளுக்குப் பிறப்பிலேயே கூடுதலாக ஒரு குறுக்குவழி இருக்கிறதுபோல. ஈசிஜி எடுத்துவிட்டு வெளியே வந்த டொக்டர், அவளை இருத்தி அப்படித்தான் விளங்கப்படுத்தினார்.

"வைத்தியம் இருக்கு, பயப்படாதீங்க. சரிபண்ணிட்டு நல்லா விளையாடலாம். ஆனா கிளினிக்ல பார்த்து முடியிற வரைக்கும் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது."

"சனிக்கிழமை மட்டும், டொக்டர்…"

"சனிக்கிழமையும்தான்."

அவள் கண் நிறைந்துவிட்டது. சிநேகிதியைத் திரும்பிப் பார்த்தாள். "உன்ரை வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதோ?"

"நீ புளியங்குளத்திலை விழுந்து கிடக்கிறதைப் பாக்கிறதிலும் பாக்க, உன்னட்டைப் பேச்சு வாங்கிறது சுகமடி."

நான் பாணும் சம்பலும் கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நானும் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "எனக்குப் பதிலா இவள்தான் இறங்கவேணும், அன்ரி. கடவுளே! இவளுக்குப் பந்து எந்தப் பக்கத்தாலை வருதெண்டே தெரியாது."

பிறகு ஒரு கையில் என் பிளாஸ்டிக் கதிரை, மறு கையில் சிநேகிதியின் காது. இரண்டையும் மைதானத்துக்கு இழுத்துப்போனாள். வலைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கால்மேல் கால் போட்டு இருந்துகொண்டு, "குதியடி! உனக்கென்ன, நெஞ்சு நல்லாத்தானே கிடக்குது!" என்று கத்தி, இருந்த இடத்திலிருந்தே முதல் பந்தை எறிந்தாள்.