‘முன்’ படத்தில் இருந்தவன்

செய்தி வந்தபோது நான் இரண்டாவது காலைச் சாப்பாட்டில் இருந்தேன். எழுந்ததும் ஒன்று, பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒன்று என்று காலையில் இருமுறை தின்பது என் வழக்கம். பசித்துத் தின்பதில்லை. உடம்பில் ஏதாவது ஒட்டாதா என்று தின்பது. கடைசி முட்டையை உரித்துக்கொண்டிருக்கும்போது ஜிம் வாட்ஸ்அப் குழுவில் தகவல் விழுந்தது: ‘மாஸ்டர் தங்கராசு தவறிட்டார்.’ அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து நின்றன. நான் முட்டையைத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். “எழவு வீடாவே இருக்கட்டும், முட்டையைப் பாதியில வைக்காதடா” என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

ஜிம்காரர்கள் நீங்கள் அவன் நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டிருக்கிறீர்கள். வாத்தியார், பிழையில்லாமல் எழுதுவார் என்று நினைத்திருப்பீர்கள். அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள் என்றீர்கள். என்னிடம் நாலு இல்லை. வருந்தி யோசித்ததில் ஒன்று தேறுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். ‘அவர்’ என்று எழுதவும் எனக்கு வராது. எங்களுக்கு ஒரே வயது. அவன் என்னை ஒருநாளும் மரியாதையாகக் கூப்பிட்டதில்லை, நானும் கூப்பிட்டதில்லை. செத்துப்போனதால் புதிதாக மரியாதை முளைத்துவிடாது.

செண்பகனூரில் பழைய பூண்டு குடோனைப் பிடித்து அவன் ஜிம் போட்ட வருடம்தான் நான் அங்கே பள்ளிக்கு ஆசிரியராக வந்தேன். மன்னவனூரில் பிறந்து, பூண்டும் கேரட்டும் விளைவிக்கிற குடும்பத்தில், வேளாவேளைக்குத் தின்று வளர்ந்தவன் நான். ஆனால் தின்றது எதுவும் என் மேல் தங்கியதில்லை. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து குடித்தேன். ரத்தம் கொடுத்துச் சோதித்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஓய்வறையில் சக ஆசிரியைகள், “கொடுத்து வச்சவர் சார் நீங்க, எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறவே மாட்டேங்குது” என்பார்கள். குண்டாக இருப்பவரைப் பார்த்து யாரும் முகத்துக்கு நேரே அவர் எடையைப் பேசுவதில்லை. ஒல்லியாக இருப்பவனின் மணிக்கட்டைப் பிடித்து, விரலால் வளையம் போட்டுப் பார்த்துச் சிரிக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. என்னை ஒருவராவது அளக்காமல் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் குடோன் படியேறினேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தங்கராசு என்னைச் சட்டையைக் கழற்றச் சொல்லிச் செல்போனில் ஒரு படம் எடுத்தான். பிறகு குடோனில் பூண்டு வியாபாரி விட்டுப்போன எடைத் தட்டில் என்னை நிற்க வைத்தான். ஊர்க் குளிருக்கு நான் மறுபடி ஸ்வெட்டரை மாட்டியிருந்தேன். மூட்டை நிறுத்தால் சாக்குக்குக் கழிவு போடுவார்களே, அதே பழக்கத்தில் ஸ்வெட்டருக்கு இவ்வளவு, பேண்டுக்கு இவ்வளவு என்று தள்ளிவிட்டு, மிச்சத்தை ஏலம் விடுகிற குரலில் கூவினான். எல்லாரும் சிரித்தீர்கள். “ஏலே, நீ சவலைடா” என்றான். பால் பற்றாமல், விலா எலும்பு தெரிய வற்றிக் கிடக்கும் கைக்குழந்தையைத்தான் சவலை என்பார்கள். அன்றிலிருந்து அந்தக் குடோனில் எனக்கு அதுதான் பெயர். உங்களில் பலருக்கு என் உண்மையான பெயர் இந்தக் கட்டுரையின் கீழே பார்த்தால்தான் தெரியும்.

அவன் சொன்னதையெல்லாம் செய்தேன். பழனி அடிவாரத்தில் அவனுடைய அண்ணன் தேங்காய், பழக் கடை வைத்திருந்தார். அங்கிருந்து பஞ்சாமிர்த டப்பாக்கள் வரும். “பழனிக்காரன் சொல்றேன், வெள்ளனே எந்திரிச்சு வெறும் வயித்துல ஒரு கரண்டி போடு. கட்டை கூட பெருக்கும்” என்பான். எனக்குப் பல் கூசியதே மிச்சம். வேர்க்கடலை, உருளைக்கிழங்கு, ஆட்டுக்கால் என்று தின்று வகுப்பின் நடுவே வெளியே ஓடி வாந்தி எடுத்திருக்கிறேன். “ஒடம்புங்கறது பாதி சோறு, பாதி பொறாமைடா. நீ யாரையும் பாத்துப் பொறாமைப்பட மாட்டேங்குற, அதான் ஏறல” என்பான். நான் அவனைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவனுடைய தோளும் கையும் கறுப்பு பனியனுக்குள் அடங்காமல் நிற்கும். அந்த பனியனை அவன் கழற்றி நீங்கள் யாராவது பார்த்தீர்களா? நான் பார்த்ததில்லை. குளிருக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஃபிளெக்ஸ் வந்தது. செண்பகனூர் வளைவில், டீக்கடைக்கு மேலே. இடது பக்கம் ‘முன்’ என்று போட்டுக் கழுத்துக்குக் கீழே ஒரு எலும்புக்கூடு, வலது பக்கம் ‘பின்’ என்று போட்டுக் கழுத்துக்குக் கீழே ஒரு மலை. இரண்டுக்கும் தலை கிடையாது. தலை இல்லாவிட்டால் என்ன, கேட்டவர்களுக்கெல்லாம் தங்கராசு பதில் வைத்திருந்தான். “முன்னாடி இருக்கறது நம்ம வாத்தியார். சவலை.” என் மாணவர்கள் டவுன் பஸ்ஸில் அதைக் கடந்துதான் பள்ளிக்கு வந்தார்கள். விலா எலும்பை எண்ணச் சொல்லி ஒருவன் கரும்பலகையில் கணக்கு எழுதி வைத்திருந்தான். நான் அந்த வளைவு வந்தால் முகத்தைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிக்கொள்வேன். ஓரக்கண்ணில் பட்டதெல்லாம், ‘முன்’ வயிற்றின் இடது ஓரத்தில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். கிழிந்து புதிதாக அடித்தாலும் அந்தப் புள்ளிகள் அப்படியே வந்தன. அச்சு மெஷினில் கோளாறு என்று எண்ணிக்கொண்டேன். சேர்த்துப் பார்த்தால் பக்கங்கள் சமமில்லாத ஒரு முக்கோணம். கணக்கு வாத்தியாருக்கு அது மட்டும் மனதில் தங்கிவிட்டது.

ஆயக்குடியிலிருந்து என்னைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்த அன்று, கொய்யாக் கூடையோடு அந்த டீக்கடையில் இறங்கி என் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார்கள். கடையில் இருந்தவன் தங்கராசு. “நேரா போங்க. ஆளு எப்படின்னு வெரசா தெரியணும்னா இப்படி மேல பாருங்க” என்று சிரித்திருக்கிறான். வீட்டுக்கு வந்த பெண்ணின் மாமா காபி குடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பெண் இன்னும் படிக்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் விட்டுப்போன கொய்யாவை எடுத்துக்கொண்டு போய் அவன் எடைத் தட்டில் கொட்டினேன். “வெளம்பரம்டா. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குற” என்றான் தங்கராசு. அதற்குப் பிறகு அந்தப் படியை நான் மிதிக்கவில்லை.

ஆனால் அவன் என்னை விட்டபாடில்லை. மலையில் பழைய ஃபிளெக்ஸ் வீணாகப் போகாது, மேல் கிராமங்களுக்குப் போய்ப் பூண்டுக் குவியலை மூடும். ஒரு விடுமுறைக்கு மன்னவனூர் போனால், எங்கள் வீட்டு முற்றத்தில் பூண்டின் மேல் அந்த ‘முன்’ படம் மழையில் நனைந்துகொண்டு கிடக்கிறது. அம்மா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏலே, இது ஒன் வயிறு இல்லடா” என்றாள்.

“ஊரே சொல்லுது, நீ மட்டும் இல்லங்குற.”

“ஊரா பெத்துச்சு? பெத்தவளுக்குத் தெரியாதா?”

ஆறுதல் சொல்கிறாள் என்று எரிச்சலாக வந்தது. உன் சோலியைப் பார் என்று கத்திவிட்டு உள்ளே போனேன். அவள் ஃபிளெக்ஸைத் திருப்பி, படம் பூண்டைப் பார்க்கிற மாதிரி போட்டாள்.

போன மழைக்காலத்தில் தங்கராசுவைக் கடைசியாகப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். ஜெர்கினுக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது. வயிற்றில் ஏதோ நோய் என்று உங்களில் யாரோ முன்பே சொல்லியிருந்தீர்கள். வருடக்கணக்காகப் பேசாதவன், என்னையும் அறியாமல், “என்னடா ஆச்சு?” என்று கேட்டுவிட்டேன். “கட்டிங்டா. கொழுப்பைக் குறைக்கிறேன்” என்றான். அந்த நிலையிலும் பொய். பஸ் வந்தது, நான் ஏறிக்கொண்டேன்.

சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். சாயங்காலம் பள்ளி விட்டுத் திரும்புகிற வழியில் அவன் வீடு. வாசலில் நீங்கள் எல்லாரும் நின்றிருந்தீர்கள். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. ‘பின்’ படத்து உடம்பில் தங்கராசு முகத்தை ஒட்டி அடித்துக்கொண்டு வந்திருந்தீர்கள். உள்ளே அவனுடைய அண்ணன், உடம்பைக் குளிப்பாட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். எவ்வளவு பெரிய தோள்கள் அந்த வாசலில் நின்றன! ஒன்றுகூட உள்ளே வரவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து, “வாத்தியார் தம்பி, கொஞ்சம் தலைமாட்டுல பிடிக்கிறீங்களா?” என்றார். பிடித்தேன். தூக்கும்போது அவன் கனக்கவில்லை. தனியாகவே தூக்கியிருப்பேன்.

வெந்நீரை ஊற்றி, அண்ணன் பனியனைக் கத்தரித்து எடுத்தார். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இடது ஓரத்தில், வெளிறிய மூன்று வட்டத் தழும்புகள். பக்கங்கள் சமமில்லாத முக்கோணம்.

“அது என்னங்கண்ணே?”

“சவலைக்குப் போட்ட சூடு தம்பி. பொறந்ததுல இருந்து வத்திப்போயிக் கெடந்தான். மஞ்சளைச் சுட்டு வயித்துல வச்சாத் தேறும்னு யாரோ சொன்னாங்க. எங்காத்தா வச்சுச்சு. தேறல. மறுபடி வச்சுச்சு. மூணாவது சூட்டுக்கு அவன் அழக்கூட இல்ல.” தழும்பின் மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். “வளந்த பெறகும் இப்படித்தான் இருந்தான். கோயமுத்தூருக்குப் போயி ஜிம்முல சேந்த அன்னைக்கு எடுத்த போட்டோவத்தான் போர்டுல போட்டிருந்தானே. நீங்க பாத்ததில்லையா?”

பார்த்திருக்கிறேன் என்றேன்.

‘முன்’ அவன். ‘பின்’ படத்தில் ஒரு தழும்பும் கிடையாது, அது யாரோ. அந்தத் தட்டியில் நான் எங்குமே இல்லை. இல்லாத இடத்தில் என்னை நிற்க வைத்து, மாணவர்களைச் சிரிக்க வைத்து, ஆயக்குடிக்காரர்களை அண்ணாந்து பார்க்க வைத்தான். தன் விலா எலும்பை என் தலையில் கட்டிவிட்டு பனியனை இழுத்து விட்டுக்கொண்டான். செத்தவனைத் திட்டக் கூடாது என்பீர்கள். உயிரோடு இருந்தபோது இது தெரிந்திருந்தால் அவனையே திட்டியிருப்பேன், அந்த வாய்ப்பையும் அவன் எனக்குத் தரவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. ‘நானும்தான்டா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் குடோனில் ஒரே வரிசையில் உட்கார்ந்து இரண்டு சவலைகளும் பஞ்சாமிர்தம் தின்றிருப்போம். எடை ஏறியிருக்காது. ஏறாவிட்டால் என்ன?

கேட்ட நல்ல வார்த்தையைச் சொல்லிவிடுகிறேன். ‘கொடுத்து வச்சவன்டா நீ’ என்று தங்கராசு என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கேலி செய்தான், கூவி ஏலம் விட்டான், பொய் சொன்னான். ஆனால் ஒல்லியாக இருப்பது அதிர்ஷ்டம் என்று மட்டும் சொன்னதில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது.

மலர்க்குழு இதை வெட்டினாலும் வெட்டட்டும், நான் எழுதியாகிவிட்டது. செண்பகனூர் வளைவில் இத்தனை வருடம் தொங்கியது தங்கராசுவின் வயிறு. அதை அவனுக்கே திருப்பித் தருகிறேன், எனக்கு அது வேண்டாம். அந்தப் பெயரை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். இனிமேல் தெருவில் யாராவது ‘சவலை’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். எங்கள் இருவரில் ஒருவனாவது திரும்பிப் பார்க்க வேண்டும்.

சி. முத்துவேல்
கணக்கு ஆசிரியர், செண்பகனூர்