பூவம்மா ஏன் அழவில்லை

பதுளைக் கடைவீதியில் சிவஞானம் பிள்ளை யாருடைய கண்ணீரையும் நம்பியவரில்லை. விலை குறைக்கச் சொல்லி மூக்கைச் சிந்துகிறவர்களை ஒரே பார்வையில் எடைபோட்டு, "நீலிக் கண்ணீர்" என்று ஒதுக்கிவிடுவார். கடைசியில் அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது கண்ணீரே விடாத ஒருத்தி.

அவள் பூவம்மா, அவர் தம்பி ராமாமிர்தத்தின் மனைவி. காய்ச்சலில் ராமாமிர்தம் போனபோது, பிணத்தை எடுக்கும்வரை அவள் சுவரோரம் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கிடையாது. பிறகொரு நாள் வெங்காயம் நறுக்கும்போது அவள் கண் பொலபொலவென்று கொட்டுவதைப் பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

'கண்ணுல தண்ணி இருக்கு. என் தம்பிக்குத்தான் இல்ல.'

தம்பிக்குக் கடைசியாகக் கஷாயம் கொடுத்தது அவள் கைதானே? அன்றிலிருந்து அவள் போட்ட சோற்றில் ஒரு கவளத்தை நாய்க்கு வைத்து, அது வாலை ஆட்டியபிறகே சாப்பிட்டார். அவளைப் பிறந்த ஊருக்கு அனுப்பிவிடுவதென்று முடிவு செய்தார். ஊரில் அவளுக்கு இருந்தது ஒரு சிற்றன்னை. அந்த வீட்டில் மாட்டுத் தொழுவமும் அடி உதையுந்தான் காத்திருந்தன. புருஷனின் அண்ணனோடு நேராகப் பேசும் வழக்கம் இல்லாததால், வேண்டாமென்று சொல்லவும் அவளுக்கு வாய் இல்லை.

"நான் திரும்பி வந்ததும் வண்டி கிளம்பணும். பண்டாரவளையில ரயிலேத்தி விட்டுடு" என்று வண்டிக்காரன் மாரிசாமியிடம் சொல்லிவிட்டு, பிள்ளை தியத்தலாவைக்குப் போனார். அங்கே, தென்னாப்பிரிக்காவில் இங்கிலீஷ்காரர்களிடம் பிடிபட்ட போயர் யுத்தக் கைதிகளின் முகாம். கைதிகள் செதுக்கும் மரப்பெட்டிகளை வாங்கிவந்து கடையில் விற்பார். அவருக்குப் பெட்டி கொடுப்பவன் ஸ்டெபான், போயர்களுக்காகச் சண்டைக்கு வந்து பிடிபட்ட ருஷ்யன். பிள்ளைக்குப் பாதிரிப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். அவனுக்கும் அரைகுறையாக அதுவே.

அன்று வேலியோரம் ஒரு கைதி குமுறிக் குமுறி அழுதுகொண்டிருந்தான். காவல் சிப்பாய் சிரித்தான். "முதலைக் கண்ணீர்!"

"எங்க பாஷையிலயும் அப்படித்தான்" என்றார் பிள்ளை உற்சாகமாக.

"எங்களுக்கும் அதே முதலைதான்" என்றான் ஸ்டெபான். "ரொம்பக் கொஞ்சமென்றால், பூனை அழுத அளவு என்போம். அடக்கமாட்டாமல் அழுதால், மூன்று ஓடையாக அழுகிறான் என்போம். அவனுக்கு மகள் செத்த சேதி வந்திருக்கிறது, ஐயா. இது மூன்று ஓடை."

சிப்பாயின் சிரிப்பு நின்றது. "அழ ஒரு தோள் வேண்டும் பாவிக்கு" என்று முணுமுணுத்தான்.

"நாங்கள் அடுத்தவன் மார்ச்சட்டையில் அழுவது என்போம்" என்றான் ஸ்டெபான். "உங்கள் ஊரில்?"

"எங்க ஊர்ல பொம்பளைங்க வட்டமா உட்கார்ந்து, கட்டிப்பிடிச்சுக்கிட்டு..."

பிள்ளைக்குத் தம்பியின் சாவு வீடு நினைவுக்கு வந்தது. அன்று தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் குடியிருப்பான லயத்திலிருந்து பெண்கள் மாரடிக்க வந்தார்கள். பூவம்மாவோடு பின்வாசலில் பேசிப் பழகியவர்கள். 'கூலிப் பொம்பளைங்க நம்ம வீட்டு நடுக்கூடத்துலயா?' என்று வாசலிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பியவர் அவர்தான். உறவுப் பெண் என்று சொல்லப் பதுளையில் ஒருத்தியும் இல்லை. கட்டிக்கொள்ள ஆளில்லாமல் எந்தப் பெண் வாய்விட்டு அழுவாள்?

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. திரும்பும் வழியில் லயத்துக்குப் போய், அன்று மாரடிக்க வந்தவர்களை அழைத்துவந்த பாக்கியலெட்சுமியைக் கூப்பிட்டார்.

"கேதத்துக்கு வாங்க, தாயி."

பாக்கியலெட்சுமி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து, அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அன்னைக்குத் தீட்டுன்னு தொரத்துனீங்க. இன்னைக்கு எங்கள விட்டு அவளச் சோதிச்சுப் பாக்கப் போறீங்களாக்கும்?"

அதுதான் உண்மை.

"உங்களுக்காக வரல, மொதலாளி. அந்தப் புள்ளைக்காக வாறோம். ஏண்டி, கெளம்புங்கடி!"

வீட்டு வாசலில் வண்டி பூட்டித் தயாராக நின்றது. பூவம்மா தகரப்பெட்டியோடு கூடத்தில் நின்றிருந்தாள். பெண்கள் அவளைப் பிடித்து இழுத்து நடுவில் உட்காரவைத்து, தோளோடு தோள் சேர்த்துக்கொண்டார்கள். பாக்கியலெட்சுமி ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தாள். பூவம்மா அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். அடுத்த நொடி எழுந்த ஓலத்தில் வண்டிமாடுகளே மிரண்டன.

பிள்ளை கதவோரம் நின்று, ஒப்புக்கு அழுகிறாளா என்று காதைத் தீட்டிக் கேட்டார்.

"என் ராசாவுக்கு ஊத்துன கஷாயத்த
நானும் பாதி குடிச்சேனே!
மூத்தவரு கண்ணால என்ன
முழுசாக் கொன்னாரே!
நான் போட்ட சோத்த
நாய்க்கு வச்சுப் பாத்தாரே!"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நேராகப் பேசமுடியாதவள் ஒப்பாரியில் எதையும் சொல்லலாம். அதற்கு எதிர்ப்பேச்சுப் பேச ஆம்பளை எவனுக்கும் உரிமையில்லை.

பிள்ளை வெளியே வந்து மாடுகளின் பக்கத்தில் நின்றார்.

"கெளம்பலாங்களா மொதலாளி?" என்றான் மாரிசாமி.

"அவுத்து விடு."

"நாளைக்குங்களா?"

"இல்ல. இனிமே வேணாம்."