தீபத்துக்கு முதுகு காட்டி

பிடித்திருந்த கேமரா ஸ்டாண்டின் இரும்புக்கால், கார்த்திகைப் பனியில் சில்லிட்டு விரலோடு ஒட்டிக்கொண்டது. இப்போதும் குளிர்ந்த இரும்பைத் தொட்டால் அந்த விடியற்காலை வந்துவிடுகிறது...

எழுபதுகளின் கடைசி. நான் எட்டாம் வகுப்பு. கேமராவின் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்தால் நிலா வெளிச்சத்திலும் படம் விழும் என்று நூலகப் புத்தகத்தில் படித்துவிட்டு, கேமரா வைத்திருந்த சித்தப்பாவை நச்சரித்தேன். அண்ணாமலை உச்சியில் தீபம் எரிகிற நாட்கள். பௌர்ணமிக் கூட்டம் கலைந்திருந்தது. விடிவதற்கு முன் நிலா மேற்கே இறங்கும்; அதனால் மலைக்கு மேற்கே, கிரிவலப் பாதையில் போய் நின்றோம். துணைக்கு அம்மா.

எனக்கு உள்ளூர வேறோர் ஆசை. எங்கள் வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயப்படுவாள்.

"இருட்டுல என்னா தெரியப்போவுது அண்ணி? சும்மா இப்படி பாத்து நில்லுங்க. ஆடாதீங்க," என்றார் சித்தப்பா.

அம்மா நின்றாள். சித்தப்பா கேமராவின் கண்ணைத் திறந்துவைத்தார்.

பாதையில் ஒருவரும் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. நிலவொளியில் பாறைகளெல்லாம் யாரோ முக்காடிட்டு உட்கார்ந்திருப்பதுபோல...

பாதி நேரம் போயிருக்கும். அம்மா மெல்ல மலைப்பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"தீபத்துக்கு முதுக காட்டினு எவ்ளோ நேரம்பா நிக்கறது?"

படம் கழுவி வந்தது. மலை, உச்சியில் பொட்டு வெளிச்சம், கீழே அம்மா. ஆனால் முகம் இருக்கவேண்டிய இடத்தில் பின்கொண்டை. அந்தக் கொண்டைக்குள்ளிருந்து இரண்டு கண்களும் ஒரு மூக்குத்தியும் எங்களைப் பார்த்தன.

"திரும்பிட்டீங்க இல்ல அண்ணி, ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு உழுந்துடுச்சி," என்று சித்தப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "நானு சாமிய பாக்கத் திரும்பிட்டேன். அப்ப இங்க பாத்துனு நிக்கறது யாரு?"

நான் படித்த புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. படம் டிரங்குப் பெட்டியின் அடிக்குப் போனது. பல இரவுகள் நான் விழித்துக்கொண்டு, தூங்கும் அம்மாவின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று வேங்கிக்காலில் என்னோடுதான் இருக்கிறாள். பேரப்பிள்ளைகளின் போன் கும்மிருட்டையும் பகலாக்கிவிடுகிறது. ஒரு நொடியில் பத்துப் படம். அம்மாவும் பயமில்லாமல் பல்செட்டோடு சிரிக்கிறாள். எல்லாப் படத்திலும் அவள் மட்டுமே இருக்கிறாள்.

போன வாரம் அந்தப் பழைய படத்தைக் கேட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு வயசாயிடுச்சி. இவ மட்டும் இன்னும் அங்கியே நின்னுனு இருக்கா பாரு... குளிர்ல, ஒண்டியா."